சத்தம் போடும் வீட்டுக்கு ஒரு நாய்

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேச மாட்டோம். வெட்கப்பட்டு இதைச் சொல்லவில்லை, தொழில் அப்படி. நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பு கடைகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அதற்கே பழகிவிட்டது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையை இந்தக் கோடியிலிருந்தே திருப்பி நிறுத்துவாள். அவள் தம்பி, என் மச்சான், எங்களோடுதான் இருக்கிறான். பஸ் கண்டக்டர். இந்த மூன்று பேருக்கும் நடுவில் வளர்ந்த என் மகளுக்குப் பத்து வயது. அவள் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஒரு வீட்டுக்கு எந்த நாய் பொருந்தும் என்று யோசித்துக் கண்டுபிடித்த ஒரு மனுஷியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவரை எல்லோரும் கம்பவுண்டரம்மா என்பார்கள். நாய் டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஊசி எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது, வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது எல்லாம் அவர்தான். டாக்டர் கையெழுத்துப் போடுவார். மற்றதெல்லாம் கம்பவுண்டரம்மா என்று சொன்னால் டாக்டரே ஒத்துக்கொள்வார்.

அவர் அந்த வேலைக்கு வந்ததே தற்செயல். அவருடைய அக்காதான் முதலில் அங்கே வேலை பார்த்தார். அக்காவுக்கு மூச்சிரைப்பு உண்டு, நாய் முடி பட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். "ரெண்டு வாரம் நீ போய் உட்காரு, நான் தேறினதும் வந்துடறேன்" என்று தங்கையை அனுப்பி வைத்தார். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை, இருபத்தாறு வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரமே, தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாயைப் பின்னாலிருந்து தொட்டுவிட, அது இவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. டாக்டர் நாயை அதட்டப் போக, இவர் ரத்தம் சொட்டச் சொட்ட, "அதைத் திட்டாதீங்க டாக்டர், தூங்கினதை எழுப்பினது நான்தானே" என்றாராம். கடித்த நாய்க்கே வக்கீலாக நின்றவளை எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்று டாக்டர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதில் ஏழு கூண்டுகள். வைத்தியத்துக்கு என்று கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்களின் நாய்கள் அங்கே இருக்கும். 'வெளியூர் போறோம், ரெண்டு நாள் பாத்துக்குங்க' என்பார்கள். போன் நம்பர் கூடத் தப்பாக இருக்கும். இந்த நாய்களுக்கெல்லாம் வீடு தேடிக் கொடுப்பதைக் கம்பவுண்டரம்மா தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. இதுவரை நானூறுக்கு மேல் இருக்கும் என்று டாக்டர் சொல்வார். கம்பவுண்டரம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் திரும்பி வந்த பதினொரு நாய்களை மட்டும் நிறம், வயது, வீட்டு வாசல் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

"அந்தப் பதினொண்ணும் என் தப்பு தம்பி. நாய் மேலயும் தப்பு இல்ல, அந்த வீட்டுக்காரங்க மேலயும் தப்பு இல்ல. நான்தான் சரியா பாக்கல" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். நானெல்லாம் ஒரு ஷாஃப்ட் பிசகினால் இரும்பைத் திட்டுவேன், கரண்டைத் திட்டுவேன், வரைபடம் போட்டவனின் பரம்பரையையே திட்டுவேன். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

நாங்கள் அவரிடம் போனது மகளுக்காக. அவள் மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். என் மனைவிக்குப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து முடிய ஐந்தரை ஆகும். அந்த இரண்டு மணி நேரம் தனியாக இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. நாய் வேண்டும் என்று நச்சரித்தாள். சரி என்று ஒருநாள் குடும்பத்தோடு கிளம்பிப் போனோம்.

போனதும் ஆளாளுக்கு ஆர்டர் கொடுத்தோம். மகளுக்குப் பஞ்சு மாதிரி வெள்ளைக் குட்டி வேண்டும். மனைவிக்கு முடி கொட்டாதது வேண்டும். மச்சானுக்குத் தெருவில் கூட்டிப்போனால் நாலு பேர் ஒதுங்கி நிற்கிற மாதிரி வேண்டும். எனக்குத் திருடனைப் பார்த்தால் குரைக்க வேண்டும். கம்பவுண்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நாலு பேருக்கும் நாலு நாய் வேணும்போல இருக்கே. நான் ஒண்ணுதான் தருவேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்" என்றார்.

"இப்பவே பின்னாடி போய்ப் பாத்துட்டு வந்துடறோமே" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. முகத்தைப் பாத்துட்டீங்கன்னா அப்புறம் நான் சொல்றது எதுவும் காதுல ஏறாது. முதல்ல நான் வீட்டைப் பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாய் வாங்க வந்தவனுக்கா பரீட்சை என்று முனகிக்கொண்டே வெளியே வந்தேன். என் முனகல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குடையோடு வந்தார். கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க, என்னைக் கவனிக்காதீங்க" என்றார். முதல் பத்து நிமிஷம் நாங்கள் யாரோ அதிகாரி வந்திருக்கிற மாதிரி நடித்துப் பார்த்தோம். எத்தனை நேரம் தாங்கும்? குளியலறையிலிருந்து மச்சான், "அக்கா, துண்டு" என்று குரல் கொடுத்தான். அடுப்படியிலிருந்து மனைவி, "கொடியிலதான் தொங்குது, கண்ணைத் தொறந்து பாரு" என்றாள். மொட்டை மாடியிலிருந்து மகள், "துண்டு இங்க இருக்கு மாமா" என்றாள். "எல்லாரும் ஏன் இப்படிக் கத்தறீங்க" என்று நான் கேட்டேன். அது மற்ற மூன்று குரலையும் சேர்த்தால் வருவதை விடப் பெரிய குரல் என்று மனைவி பிறகு சொன்னாள்.

கம்பவுண்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் தன் சாவிக்கொத்தைத் தெரியாமல் விழுந்த மாதிரித் தரையில் போடுவார். யார் திடுக்கிடுகிறார்கள், யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், யார் பக்கத்தில் இருக்கும் பிள்ளையை அதட்டுகிறார்கள் என்று பார்ப்பார். அதிலேயே பாதி வீடு அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டிலும் போட்டிருக்கிறார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

"இருபத்தாறு வருஷத்துல என் சாவி விழுந்தது யாருக்குமே கேக்காத வீடு இதுதான்" என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று எங்களுக்குப் புரியவில்லை.

பிறகு எழுந்து வீட்டைச் சுற்றி வந்தார். நான் என் கையால் செய்து மாட்டிய இரும்பு கேட்டின் அடிக் கம்பிக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டு இடைவெளி பார்த்தார். மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம் பார்த்தார். எங்கள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நாளில் எந்த நேரம் வேலை எதுவும் இல்லாமல் வீட்டில் இருப்பீர்கள் என்று கேட்டார். எனக்கு அப்படி ஒரு நேரமே இல்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மகளிடம் மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி: "கோவம் வந்தா என்ன பண்ணுவ பாப்பா?" கதவைச் சாத்துவேன் என்றாள். எப்படி என்று கேட்டதற்குச் சாத்தியே காட்டினாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "குட்டி வேண்டாம். குட்டிக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை ஆள் வேணும், உங்க வீட்டுல பகல்ல ஆளே இல்ல. பயந்த சுபாவம் உள்ளது வேண்டாம், ரெண்டே நாள்ல கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கும், வெளிய வராது. காவல் நாயும் வேண்டாம். எந்தத் திருடனும் இந்தப் பக்கம் வரமாட்டான், எப்பவும் பத்து பேர் முழிச்சிருக்கிற மாதிரியே இருக்கு."

குடையின் பட்டனைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். இந்த அம்மாள் எங்களைக் கழித்துக் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு இருக்கு. வயசு எட்டு. ஆண் நாய். காது சுத்தமா கேக்காது" என்றார்.

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னம்மா, கிண்டல் பண்றீங்களா?" என்றேன்.

"கிண்டல் இல்ல தம்பி. உங்க சத்தம் அதை ஒண்ணும் பண்ணாது. காது கேக்காத நாய் முகத்தைத்தான் பாக்கும். நீங்க நாலு பேரும் கத்தறீங்க, ஆனா ஒருத்தர் மேல ஒருத்தர் வெறுப்பா யாரும் கத்தல. ஒரு மணி நேரமா பாத்துட்டுத்தான் சொல்றேன், இந்த வீட்டுல முகம் நல்லா இருக்கு."

எங்கள் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். முகம் நல்லா இருக்கு என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உடனே தலையாட்ட அவர் விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தை அதன் சொந்தக்காரர் இடிக்கப் போகிறார். டாக்டர் வேறொரு கட்டடத்தின் மாடிக்குப் போகிறார். அங்கே கொட்டகை கிடையாது, மாதக் கடைசிக்குள் எல்லாக் கூண்டும் காலியாக வேண்டும். ஆறு நாய்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி.

"முன்னாடியெல்லாம் ஒத்து வரலன்னா திருப்பிக் கொண்டு வந்துடுங்கன்னு சொல்வேன். இப்ப அப்படிச் சொல்ல முடியாது. கொண்டு வந்தா வெக்க இடம் இருக்காது. ஊருக்கு வெளிய இருக்கிற தெருநாய்ப் பட்டியிலதான் விடணும். வயசான செவிட்டு நாய் அங்க ஒரு மாசம் தாங்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இரண்டு நாள் யோசித்தோம், அதாவது இரண்டு நாள் சத்தமாகப் பேசினோம். பிறகு போய் அழைத்து வந்தோம்.

அது செம்பழுப்பு நிறம். மூக்கைச் சுற்றிக் கறுப்பு, அதில் நரை விழ ஆரம்பித்திருந்தது. கூண்டில் இல்லாமல் கம்பவுண்டரம்மாவின் மேசைக்கு அடியில் படுத்திருந்தது. மகளின் கையில் வாரைக் கொடுத்துவிட்டு வரிசையாகச் சொன்னார்: முதல் மூன்று நாள் யாரும் அதைத் தொடக் கூடாது, அதுவாக வரட்டும். பக்கத்தில் போகும் முன் தரையைக் காலால் இரண்டு தடவை தட்ட வேண்டும், அதிர்வு அதற்குத் தெரியும். தூங்கும்போது பின்னாலிருந்து தொடவே கூடாது. சாப்பாடு ஒரே நேரத்தில், ஒரே ஆள் வைக்க வேண்டும். உறவுக்காரர்களைக் கூப்பிட்டு நாயைக் காட்டக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது ஓடிப்போகும் என்று சொல்வார்களே, அது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வந்த அன்றே குளிப்பாட்டியிருப்பார்கள்.

"இன்னொண்ணு. ஆறு மாசத்துக்கு நான் உங்க வீட்டுப் பக்கம் வரமாட்டேன். சந்தேகம் இருந்தா போன்ல கேளுங்க. வாங்கன்னு மட்டும் கூப்பிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டு மேசையில் இருந்த நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். நாய் வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது. அவர் தலை நிமிரவே இல்லை. இத்தனை வருஷம் இதே வேலை, அவருக்கு இது ஒரு பார்சல் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

சொன்னதையெல்லாம் மகள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். நாங்களும் படித்தோம். படித்துவிட்டு எங்கள் வழக்கப்படியே நடந்தோம். காது கேட்காத நாய்க்கு ஆளுக்கு ஒரு பெயராக நான்கு பெயர் வைத்தோம். அது திரும்பிப் பார்க்கவில்லை என்றால் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டோம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். என் மனைவி மைதானத்து விசிலையே ஊதிப் பார்த்தாள். எதிர் வீட்டு நாய் ஓடி வந்து கேட்டருகே நின்றது.

தட்டு விஷயத்தில் செய்தது அதைவிட மோசம். யார் வைத்தால் சாப்பிடுகிறது என்று பார்த்துவிடலாம் என்று ஆளுக்கொரு தட்டில் வைத்தோம். முட்டை போட்ட சோறு ஒன்று, பால் ஒன்று, ரொட்டி ஒன்று, கோழி எலும்பு ஒன்று. நாய் நான்கு தட்டையும் பார்த்தது, எங்கள் நான்கு பேரையும் பார்த்தது, எழுந்து போய் கேட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் மச்சான் டியூட்டி முடிந்து வந்தான். அது தூங்கிக்கொண்டிருந்தது. பாசத்தில் பின்னாலிருந்து முதுகைத் தடவிவிட்டான். அது சுழன்று திரும்பிய வேகத்தில் அவன் தோளில் தொங்கிய தோல் பையில் பல் பதிந்தது. கையாக இருந்தால் தையல் போட வேண்டியிருக்கும். மனைவி கத்தினாள், நான் கத்தினேன், மகள் அழுதாள். மச்சான்தான் நியாயமாகப் பேசினான். "பஸ்ல யாராவது பின்னாலேருந்து என் தோள்ல கை வெச்சா நானே அப்படித்தான் திரும்புவேன். விடுங்க மாமா" என்றான்.

ஆனால் அதற்குப் பிறகு அது எங்கள் யாரையும் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. தண்ணீர் மட்டும் குடித்தது. நான்காம் நாள் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் போன் போட்டேன்.

"நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போங்கக்கா. உங்க கையால வெச்சா சாப்பிடும்."

"சாப்பிடும். அதனாலதான் வரமாட்டேன்" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டே போனேன். அங்கே பாதிச் சாமான் மூட்டை கட்டிக் கிடந்தது. பின்னால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பவுண்டரம்மா மேசையில் உட்கார்ந்து மருந்துப் புட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். சரியாகப் பேச ஆரம்பிக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். மேசைக்கு அடியில் ஒன்றுமில்லை. அவர் இரண்டு காலையும் ஒரு பக்கமாக ஒடுக்கி, முட்டியை மேசைக்காலோடு ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். அங்கே இன்னும் யாரோ படுத்திருக்கிற மாதிரி, அவர்களுக்கு இடம் விட்டு.

பக்கத்தில் கிடந்த ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர்தான் உள்ளேயிருந்து வந்து சொன்னார். அது இரண்டு மாதக் குட்டியாக, இரண்டு காதிலும் சீழ் பிடித்து வந்த நாய். கொண்டு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனதோடு சரி. எட்டு வருஷமும் அந்த மேசைக்கு அடியில்தான். "எத்தனையோ பேர் கேட்டாங்க, இதை மட்டும் குடுக்கவே மாட்டா" என்றார்.

"உங்க நாயா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என் நாய் இல்ல. என் மேசைக்கு கீழ இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். "வீட்டுல அக்காவுக்கு மூச்சு இப்ப ரொம்ப மோசம், ஒரு முடி பறந்தா போதும். கூட்டிட்டுப் போக முடியாது. என் வீட்டுக்கு ஒரு நாய் கேட்டு நானே வந்தா, நானே குடுக்க மாட்டேன்."

புட்டியைக் கீழே வைத்தார். "இன்னிக்கு நான் வந்தா சாப்பிடும் தம்பி. நான் கிளம்பினதும் மறுபடியும் கேட்டைப் பாத்துப் படுத்துக்கும். நாளைக்கும் வரணும். நான் வர வர அது என்னை எதிர்பாத்துட்டே கிடக்கும், உங்களைத் திரும்பிக்கூடப் பாக்காது. சொல்லுங்க, யாரு சாப்பாடு வெக்கறீங்க?"

நான்கு தட்டு கதையைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, விசிலையும் சொன்னேன். முதல் தடவையாக அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா மட்டும் வெக்கட்டும். மூணரை மணிக்கு அவதான் தினமும் தவறாம வரா. தட்டை வெச்சுட்டு, அதுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாடம் படிக்கட்டும். பாக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. நீங்க மூணு பேரும் ஒண்ணு பண்ணுங்க. அதுகிட்ட மட்டும் இல்ல, உங்களுக்குள்ளயும், யார்கிட்ட எதைச் சொல்லணும்னாலும் எழுந்து போய் எதிர்ல நின்னு சொல்லுங்க. நீங்க முகத்தைப் பாத்துப் பேசறதை அது பாக்கட்டும்" என்றார்.

சொல்வதற்குச் சுலபம். உப்பு எங்கே என்று கேட்கக் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போக வேண்டும். பதில் கேட்டுத் திரும்பி வர வேண்டும். ஒரு வாரத்தில் வீட்டுக்குள்ளேயே பல மைல் நடந்தோம். மனைவி முட்டி வலிக்கிறது என்றாள், அதையும் எதிரில் வந்துதான் சொன்னாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மகள் ஒருநாள் என் எதிரில் வந்து நின்று, "அப்பா, எனக்குத் தனியா இருக்கும்போது பயமா இருக்கும்" என்றாள். போன வருஷமே இதைச் சொன்னாளாம். மாடியிலிருந்து சொல்லியிருக்கிறாள், கீழேயிருந்து நான் சரி சரி என்றிருக்கிறேன். அவள் முகத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு நாள் மகள் தட்டை வைத்தாள், வைத்தபடியே எடுத்தாள். நாய் வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிவிட்டது. அன்று நான் மூன்று மணிக்கே பட்டறையைச் சாத்திவிட்டு வந்து அடுப்படியில் நின்றேன். மனைவி பயிற்சியை வேறு டீச்சரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மகள் தட்டை வைத்தாள், தரையை இரண்டு தடவை தட்டினாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போட ஆரம்பித்தாள். நாய் கேட்டருகிலேயே கிடந்தது. அரை மணி நேரம் போயிருக்கும். அது எழுந்தது. நடந்து வந்தது. தட்டைத் தாண்டிப் போய் அவள் முதுகை மோந்தது. அவள் பென்சில் நின்றது, ஆனால் திரும்பவில்லை. பிறகு சப்சப்பென்று சத்தம் கேட்டது. மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மகள் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தி எங்களை அடக்கினாள். எங்கள் வீட்டில் அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

போன் போட்டுச் சொன்னேன். "எவ்வளவு சாப்பிட்டுச்சு?" என்றார். பாதி என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். எனக்கு இந்தத் தடவை கோபம் வரவில்லை.

மாதக் கடைசியில் பழைய கட்டடம் போய்விட்டது. கம்பவுண்டரம்மா மாடி ஆஸ்பத்திரிக்கு மாறினார். தடுப்பூசிக்கு எப்போது வரலாம் என்று கேட்டால், "வியாழக்கிழமை வாங்க, அன்னிக்கு எனக்கு லீவு" என்பார். வேறு ஆள் ஊசி எடுத்துக் கொடுப்பார். ஆறு மாதம் முடிந்ததும் வாங்க என்றேன். அடுத்த வாரம் என்றார். அப்படி ஏழு வாரம் போனது. எங்களுக்குச் சட்டம் போட்டவர் தனக்கு மட்டும் சட்டத்தை நீட்டிக்கொண்டே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் வந்தார். கூடத்தில் மகள் தரையில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நாய் அவள் காலில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, வாசலுக்கு முதுகைக் காட்டி. நான் தரையைத் தட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதே நாற்காலியை ஓசையில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெகுநேரம் நாயின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை அதன் மூக்கு அசைந்தது. வால் நுனி தரையில் இரண்டு மூன்று தடவை தட்டியது. தூக்கம் கலையவில்லை.

"எழுப்பட்டுமாக்கா? ஆறு மாசம் எப்பவோ முடிஞ்சு போச்சு" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேண்டாம் தம்பி." கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை. "காது கேக்காத நாய் வாசலுக்கு முதுகைக் காட்டித் தூங்காது. யார் வராங்கன்னு அதுக்குத் தெரியாதில்ல. என் மேசைக்கு அடியில எட்டு வருஷம் இருந்துச்சு. ஒருநாள்கூட இப்படித் தூங்கினதில்ல."

எழுந்து மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். கேட்டைச் சாத்தும்போதுகூட, சத்தம் அதற்குக் கேட்காது என்று தெரிந்தும், பார்த்துப் பார்த்துச் சாத்தினார்.

கால் மணி நேரம் கழித்து அது விழித்துக்கொண்டது. நேராக நாற்காலிக்குப் போய், அவர் கால் வைத்திருந்த இடத்தை மோந்தது. மறுபடியும் மோந்தது. பிறகு வேகமாக கேட்டுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றது. மகள் தரையை இரண்டு தடவை தட்டினாள். அது திரும்பிப் பார்த்தது, ஆனால் வரவில்லை. நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, அதுவாகத் திரும்பி நடந்து வந்தது.